குண்டு படாமல் போன சிப்பாய்

பெட்டி திருச்சி விமான நிலையத்தில் வந்து இறங்கும். அங்கிருந்து ராணுவ வண்டியில் தஞ்சாவூரைத் தாண்டி ஊருக்கு வரும். ஆற்றுப்பாலம் திரும்பும்போதே வாய்க்கால் கரை நெடுக ஆள் நிற்கும். மூவர்ணக் கொடி போர்த்திய பெட்டி, விறைத்து நிற்கும் வீரர்கள், வானத்தை நோக்கி மரியாதை வேட்டு. எல்லாம் முடிந்து கூட்டம் கலைகிற நேரத்தில் யாராவது ஒருவர் தணிந்த குரலில் கேட்பார்: "சண்டையிலயா போனான்?"

"இல்லண்ணே. உடம்பு சரியில்லாமப் போயிட்டானாம். மூச்சுத் திணறல்னு சொல்றாங்க."

"ஓ" என்பார் கேட்டவர். அதற்கு மேல் பேச்சு இருக்காது.

அந்த "ஓ" என் காதை விட்டுப் போவதில்லை. குண்டு பட்டுப் போனவனுக்கு ஒரு படி மேலே, காய்ச்சலிலும் மூச்சுத் திணறலிலும் போனவனுக்கு ஒரு படி கீழே என்று அந்த ஓரெழுத்து அளந்துவிடுகிறது. ஊர் அப்படி அளப்பதோடு காரியம் முடிந்தால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ராணுவத்தின் காகிதமும் ஒரு சொல் எழுதுகிறது. அந்த ஒரு சொல்லைப் பொறுத்துத்தான் அவனுடைய அம்மாவுக்கோ மனைவிக்கோ மாதாமாதம் என்ன வரும் என்பது முடிவாகிறது. அந்தச் சொல் என்ன, அதை யார் எழுதுகிறார்கள், தவறாக எழுதியிருந்தால் எங்கே போய்க் கேட்பது என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன். நோயில் போன சிப்பாயும் பணியில் போன சிப்பாய்தான் என்பது என் துணிபு. சட்டமும் பல இடங்களில் அதைத்தான் சொல்கிறது.

முதலில் அவன் எப்படிப் போகிறான் என்று பாருங்கள். நம் பக்கத்துப் பையன்கள் அறுவடை முடிந்த வயலிலும் கல்லணைக் கால்வாய்க் கரையிலும் இருட்டு விலகும் முன் ஓடிப் பழகுகிறார்கள். ஆள்சேர்ப்பில் 1.6 கிலோமீட்டர் ஓட்டம் இருக்கிறதே, அதற்காக. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கமெல்லாம் திருச்சி ஆள்சேர்ப்பு அலுவலகத்தின் கீழ் வருகிறது. தேறியவர்களில் பலர் நீலகிரியில் வெலிங்டனுக்குப் பயிற்சிக்குப் போவார்கள். 1758-இல் வேர்விட்ட மதராஸ் ரெஜிமென்ட்டின் மையம் அங்கேதான் இருக்கிறது. சேர்கிற சமயத்தில் ராணுவ மருத்துவர் அவன் நெஞ்சளவு, எடை, கண், காது, இதயம் எல்லாம் பார்த்து, தகுதி என்று எழுதிக் கையெழுத்திடுவார். அந்தத் தாளை மட்டும் மனதில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

தஞ்சாவூர் கடல் மட்டத்துக்கு மேலே நூறு மீட்டர்கூட உயரமில்லாத ஊர். வேதாரண்யம் பக்கம் போனால் கடலும் நிலமும் ஏறக்குறைய ஒரே மட்டம். அந்தக் காற்றில் வளர்ந்த நெஞ்சு விமானத்தில் ஏறி லேயில் இறங்குகிறது. லே ஏறக்குறைய 3,500 மீட்டர் உயரம். அதற்கு மேலே சியாச்சினில் சோனம் காவல்நிலை இருக்கிறது, 19,600 அடி. அங்கே காற்றின் அழுத்தம் நம் ஊரில் இருப்பதில் பாதிக்கும் குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கிற ஆக்ஸிஜனும் அதே அளவுக்குக் குறைந்துவிடும்.

ஆக்ஸிஜன் குறைந்தால் நுரையீரலின் சிறு ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. எல்லாம் ஒரே சீராகச் சுருங்குவதில்லை. சுருங்காத குழாய்களில் ரத்தம் முண்டியடித்துப் பாய, அழுத்தம் தாங்காமல் நீர் கசிந்து காற்றுப்பைகளுக்குள் இறங்குகிறது. விவசாயிக்கு இது புரியும். ஐப்பசி மழையில் வடிகால் அடைத்துக்கொண்டால் சம்பாப் பயிரின் வேர் தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டி அழுகுமே, நுரையீரலுக்கும் அந்தக் கதிதான். முதலில் வறட்டு இருமல், நடந்தால் இளைப்பு. பிறகு உட்கார்ந்திருக்கும்போதே இளைப்பு, நுரைத்த இளஞ்சிவப்புச் சளி, நீலம் பாரித்த உதடு. பெரும்பாலும் ஏறிய இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் இது வரும், இரவில் மோசமாகும். ஆக்ஸிஜன் கொடுத்து உடனே கீழே இறக்கினால் பிழைக்கலாம். பனிப்புயலில் ஹெலிகாப்டர் வர முடியாதபோது இறக்குவது எப்படி?

நல்ல உடற்கட்டு இதைத் தடுப்பதில்லை என்பதைக் குடும்பங்கள் அறிய வேண்டும். "என் பையன் ஓட்டத்தில் முதலாவதாக வந்தவன், அவனுக்கு எப்படி இருமல் வந்து சாவு வரும்?" என்று ஒரு தகப்பன் கேட்பது நியாயமே. ஆனால் திடமான இளைஞன்தான் இளைப்பைப் பொருட்படுத்தாமல் மேலே ஏறிக்கொண்டே போகிறான். 1962 சீனப் போரில் சமவெளிப் படைகளை அவசரமாக இமயத்தில் ஏற்றினார்கள். அங்கே ஆள்கள் நோயில் விழுந்ததைக் கண்ட இந்திய ராணுவ மருத்துவர்கள், 1,925 வீரர்களிடம் கண்டறிந்ததை 1969-இல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் எழுதினார்கள். மலையுயர நோய் பற்றி உலகம் இன்றும் எடுத்துக்காட்டும் ஆய்வு அது. அதன் பின் வந்த ஒழுங்கின்படி 9,000 அடியில் ஆறு நாள், 12,000-இல் நாலு நாள், 15,000-இல் நாலு நாள் தங்கி உடலைப் பழக்கித்தான் மேலே அனுப்புகிறார்கள். பொங்கலுக்கு வந்து ஒரு மாதம் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்புகிறவனுக்கும் இது மறுபடி வேண்டும். ஊர்க் காற்றில் அந்தப் பழக்கம் கரைந்துவிடுகிறது. விடுப்பு முடிந்து போன மகன் சில நாளில் இறந்தான் என்று கேட்டால், அவன் வீட்டிலிருந்தே நோயோடு போனான் என்று யாரும் சொல்ல விடாதீர்கள்.

மலைதான் என்றில்லை. ராஜஸ்தான் மணலில் வெப்பத் தாக்கு, வடகிழக்குக் காட்டில் மூளை மலேரியா, புதரிலுள்ள சிறு பூச்சி கடித்து வரும் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சல் என்று வேறு வழிகளும் உண்டு. உயரத்தில் ரத்தம் கெட்டியாவதால் மூளைக் குழாயில் கட்டி உறைவதும் உண்டு; இருபது சொச்சம் வயதில் பக்கவாதம் வருவது அப்படித்தான்.

2016 பிப்ரவரி 3-ஆம் தேதி அந்தச் சோனம் நிலையின் மேல் பனிச் சரிவு விழுந்தது. அங்கே இருந்த பத்துப் பேரும் மதராஸ் ரெஜிமென்ட்டின் 19-ஆம் பட்டாலியனோடு பணியில் இருந்தவர்கள். நாலு பேர் தமிழ்நாட்டுப் பிள்ளைகள். ஆறாவது நாள் பனியைத் தோண்டியபோது கர்நாடகத்தின் தார்வாட் பக்கத்து லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா உயிரோடு கிடைத்தார். நாடே வேண்டிக்கொண்டது. டெல்லி ராணுவ மருத்துவமனையில் நிமோனியா, சிறுநீரகம், கல்லீரல் என்று ஒவ்வொன்றாகக் கைவிட, பிப்ரவரி 11-ஆம் தேதி போய்விட்டார். வயது 33. அவர் இறந்தது பனியிலா, நோயிலா? அந்தக் கேள்வியை அன்று யாரும் கேட்கவில்லை. தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் பார்க்காமல் ஒரு முகாம் மருத்துவ அறையில் கண்மூடியவனுக்குத்தான் அந்தக் கேள்வி வந்து சேர்கிறது.

அப்படி ஒருவருக்கு வந்தது. நாயக் இந்தர்ஜீத் சிங். 2013 ஜனவரியில் காஷ்மீர் எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டில் ரோந்து போனபோது மூச்சுத் திணறல் வந்தது. வானிலை மோசம், விமானம் மூலம் எடுத்துப் போக முடியவில்லை. நடைவழியாகவே மச்சில் என்ற இடத்தின் மருத்துவ அறைக்குக் கொண்டு சேர்த்தார்கள். அங்கே இறந்துவிட்டார் என்று சொல்லிவிட்டார்கள். இதயமும் மூச்சும் நின்றது என்பது காரணம். முதலில் காகிதத்தில் அவரை 'பேட்டில் கேஷுவல்டி', அதாவது போர்க்கள இழப்பு என்று எழுதினார்கள். பிறகு அதை 'ஃபிசிக்கல் கேஷுவல்டி' என்று மாற்றினார்கள். பணியால் நேர்ந்ததுதான், ஆனால் போர்க்களத்தில் நேர்ந்ததல்ல என்று அதற்குப் பொருள். அந்த மாற்றத்தால் மனைவி சரோஜ் தேவிக்கு உயர்ந்த ஓய்வூதியம் மறுக்கப்பட்டது. அவர் படைத்துறைத் தீர்ப்பாயத்துக்குப் போனார். 2019-இல் அவர் பக்கம் உத்தரவு வந்தது. ஒன்றிய அரசு அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனது. 2024 டிசம்பர் 3-ஆம் தேதி நீதிபதிகள் அபய் ஓகா, அகஸ்டின் ஜார்ஜ் மசி அமர்வு அரசின் மேல்முறையீட்டைத் தள்ளியது. ராணுவத்தின் 2003-ஆம் ஆண்டு முதலாம் எண் ஆணையே, எல்லைக் கோட்டில் பணியிலிருக்கும்போது தட்பவெப்பத்தால் வந்த நோயில் இறப்பவரைப் போர்க்கள இழப்பில் சேர்க்கிறது என்று நீதிமன்றம் எடுத்துக் காட்டியது. இப்படிப்பட்ட வழக்கில் ஒரு விதவையை உச்ச நீதிமன்றம் வரை இழுத்திருக்கக் கூடாது என்று சொல்லி, அவருக்கு 50,000 ரூபாய் செலவுத் தொகையும் தரச் சொன்னது. குண்டு படாமல் போன சிப்பாய்க்குக் கிடைத்த நீதி அது. கிடைக்கப் பதினோரு ஆண்டுக்கு மேல் ஆயிற்று.

இனி அந்தச் சொற்களுக்கு வருவோம். வீட்டுக்கு வரும் ஆங்கிலக் காகிதத்தில் மூன்று பெயர்களில் ஒன்று இருக்கும். 'ஆர்டினரி ஃபேமிலி பென்ஷன்' என்றால், நோய்க்கும் படைப்பணிக்கும் சம்பந்தமில்லை என்று முடிவு கட்டிவிட்டார்கள் என்று பொருள். கணக்கில் எடுக்கும் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். பணியிலிருந்தபோதே இறந்தவருக்கு முதல் பத்து ஆண்டு 50 சதவீதம். 'ஸ்பெஷல் ஃபேமிலி பென்ஷன்' என்றால், பணியால் வந்தது அல்லது பணியால் முற்றியது என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், 60 சதவீதம். 'லிபரலைஸ்டு' என்பது போர்க்கள இழப்புக்கானது. முழுச் சம்பளமும் குடும்பத்துக்கு. கையில் பணமாக எண்ணிப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். அந்தச் சம்பளம் 30,000 என்று வைத்துக்கொண்டால், ஒரு சொல்லுக்கு முதல் பத்து ஆண்டு போன பிறகு 9,000, இன்னொன்றுக்கு 18,000, மூன்றாவதற்கு 30,000, மேலே அகவிலைப்படி. காவிரியில் தண்ணீர் வருமா வராதா என்று மேட்டூரைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு குடும்பத்துக்கு இந்த வித்தியாசம் வாழ்நாள் முழுக்கப் பேசும்.

இளம் சிப்பாய்கள் பலருக்குக் கல்யாணமே ஆகியிருக்காது. அப்போது பெற்றோர். லிபரலைஸ்டு வகையில் அவர்களின் சொந்த வருமானத்தைப் பார்க்காமலேயே, இருவரும் இருந்தால் முக்கால் பங்கும் ஒருவர் மட்டும் இருந்தால் 60 சதவீதமும் கிடைக்கும். நிலம் இருக்கிறதே, பென்ஷன் எதற்கு என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொண்டு திரும்ப வேண்டாம். ஓய்வூதியத்தைத் தவிர ஒருமுறைத் தொகையும் உண்டு. குறிப்பிட்ட உயர்மலை நிலைகளிலும் எளிதில் எட்ட முடியாத எல்லை நிலைகளிலும் கடும் தட்பவெப்பத்தால் நேரும் சாவுக்கு 2016 முதல் 35 லட்சம் என்று விதி. ராணுவக் குழுக் காப்பீட்டு நிதியின் பணம் தனி. சாவு எப்படி நேர்ந்தாலும் அது குடும்பத்துக்கு உரியது.

அக்னிவீரராகப் போன பிள்ளையின் கணக்கு வேறு. 2022 ஜூனில் வந்த அந்தத் திட்டத்தில் ஓய்வூதியம் என்பதே இல்லை. எந்த வகையில் இறந்தாலும் 48 லட்சம் காப்பீடு உண்டு. அதற்கு அவன் சம்பளத்தில் பிடித்தம் கிடையாது. சேவா நிதி என்னும் சேமிப்பில் அதுவரை சேர்ந்ததும் வரும். பணியால் நேர்ந்த சாவு என்று ஒப்புக்கொண்டால் மட்டும் மேலும் 44 லட்சமும், நாலு ஆண்டுப் பணிக்காலம் முடியும்வரை அவன் வாங்கியிருக்க வேண்டிய சம்பளமும் சேரும். ஆக, இங்கேயும் அந்த ஒரு சொல்தான் தீர்மானிக்கிறது. அதுவும் ஒரே தடவையாக. பத்தொன்பது வயதுப் பையனின் காய்ச்சல் பணியால் வந்ததா, தானாக வந்ததா என்று யாரோ ஒரு மருத்துவ அதிகாரி எழுதும் வரியை அவன் வீட்டில் யாரும் படிக்காமல் விட்டுவிடுவது எனக்குத் தாங்கவில்லை.

அந்த வரி தவறென்று எப்படி வாதாடுவது? இங்கேதான் முன்னே சொன்ன தாள் வருகிறது. சிக்னல்ஸ் படைப்பிரிவில் 1985-இல் சேர்ந்த தரம்வீர் சிங் என்பவரை 1994-இல் வலிப்பு நோய் என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். நோய் அவருடைய உடல்வாகால் வந்தது, பணிக்குச் சம்பந்தமில்லை என்றார்கள். 2013 ஜூலை 2-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சேரும்போது நல்ல உடல்நிலை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்; நோய் ஏதாவது இருந்ததாக அன்று குறிக்கவில்லை; ஆகவே பின்னால் வந்த நோய் பணியில் வந்ததாகத்தான் கொள்ள வேண்டும்; இல்லையென்று நிரூபிப்பது உங்கள் பொறுப்பு, சிப்பாயின் பொறுப்பல்ல என்பது தீர்ப்பின் சாரம். காரணம் சொல்லாமல் மருத்துவக் குழு வெறுமனே 'பணியால் வந்ததல்ல' என்று எழுதினால் போதாது என்றும் சொன்னது. அவர் உயிரோடு இருந்தவர். வழக்கு ஊன ஓய்வூதியம் பற்றியது. ஆனால் அது விளக்கிய 1982 விதிகள் நோயால் வரும் சாவுக்கும் சேர்த்து எழுதப்பட்டவை. அந்த விதிகள் 2008-இலும், பிறகு 2023 செப்டம்பரிலும் மாறின. குடும்பத்துக்குச் சாதகமாக இருந்த அனுமானங்கள் அவற்றில் முன்போல இல்லை. சாவு நேர்ந்த தேதி எந்த விதிக்குள் வருகிறது என்று வழக்கறிஞரிடம் முதல் கேள்வியாகக் கேளுங்கள்.

செய்ய வேண்டிய காரியம் பதினாறாம் நாள் முடிந்ததும் தொடங்கலாம். அதற்கு முன் யாருக்கும் மனம் வராது. அவனுடைய ரெஜிமென்ட்டின் ஆவண அலுவலகத்துக்கு எழுதி, சாவு பற்றிய கேஷுவல்டி அறிக்கை, 'பார்ட் டூ ஆர்டர்' என்கிற பதிவாணை, விசாரணை நடந்திருந்தால் அதன் நகல், கடைசி மருத்துவமனைக் குறிப்புகள், பிரேதப் பரிசோதனை அறிக்கை எல்லாவற்றையும் கேட்க வேண்டும். தரவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். ஆங்கிலம் வராது என்று தயங்க வேண்டாம். தஞ்சாவூரில் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. கொடிநாளுக்கு உண்டியல் வரும் அலுவலகம் என்று மட்டும்தான் பலர் நினைத்திருக்கிறார்கள். விண்ணப்பம் எழுதித் தருவதும், ஆவண அலுவலகத்தோடு கடிதப் போக்குவரத்து நடத்துவதும் அதன் வேலை. கூட இருந்த சிப்பாய்களின் கைபேசி எண்களையும் வாங்கி வையுங்கள். முதல் இருமல் எந்த நாளில் வந்தது, எந்த உயரத்தில் இருந்தார்கள், எத்தனை மணிக்கு மருத்துவ அறைக்குப் போனான் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். ஓராண்டு போனால் அவர்கள் வேறு வேறு முகாம்களுக்குச் சிதறிவிடுவார்கள்.

உயர்ந்த ஓய்வூதியத்தை மறுத்து உத்தரவு வந்தால் ஆறு மாதத்துக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். அதிலும் மறுத்தால் படைத்துறைத் தீர்ப்பாயம். அதன் அமர்வு சென்னையிலேயே இருக்கிறது, டெல்லிக்கு அலைய வேண்டாம். காலம் கடந்துவிட்டது என்று கைவிடவும் வேண்டாம். ஓய்வூதியம் மாதாமாதம் தொடரும் உரிமை என்பதால் தாமதமாக வந்த வழக்கையும் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் தர்சேம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008-இல் தந்த தீர்ப்பின்படி பழைய பாக்கி பொதுவாக மூன்று ஆண்டுக்கு மேல் கிடைக்காது. தாமதிக்கும் ஒவ்வொரு ஆண்டும் அப்படியே நஷ்டம்.

நோயில் சிப்பாயைப் பறிகொடுப்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல என்பதையும் சொல்லத்தான் வேண்டும். நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயாத் தோட்டங்களுக்குப் போன தஞ்சாவூர்க் கூலிக் குடும்பங்கள் எத்தனையோ. 1943-இல் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்தபோது அந்தத் தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகள் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். 1944-இல் இம்பாலிலிருந்து மழைக்காலத்தில் பின்வாங்கும் வழியில் குண்டைவிட மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் பசியும்தான் அந்தப் படையில் அதிகம் பேரைக் கொண்டுபோயின. அவர்களுக்குப் பெட்டி வரவில்லை, கொடி வரவில்லை, கடிதம்கூட வரவில்லை. சுதந்திரத்தின் வெள்ளிவிழா ஆண்டான 1972-இல்தான் ஒன்றிய அரசின் தியாகிகள் ஓய்வூதியத் திட்டம் வந்தது. பர்மாக் காட்டில் காய்ச்சலில் போனவனுக்குச் சான்று தர யார் இருந்தார்கள்? காகிதம் இல்லாத சாவு எப்படி மறைந்துபோகும் என்று நம் முன்னோர் வீடுகளுக்குத் தெரியும்.

சென்னை நந்தம்பாக்கத்தில் இரண்டாம் உலகப் போரின் கல்லறைத் தோட்டம் ஒன்று இருக்கிறது. 850-க்கும் மேற்பட்ட கல்லறைகள். தென்னாட்டு முகாம்களின் கல்லறைகளிலிருந்தும் எடுத்து வந்து அங்கே அடக்கியிருக்கிறார்கள். ஒரே அளவுக் கல், ஒரே உயரம். குண்டில் போனவனுக்கு என்று ஒரு வரிசையும் காய்ச்சலில் போனவனுக்கு என்று வேறொரு வரிசையும் அங்கே கிடையாது.

உங்கள் வீட்டுப் பிள்ளை இப்போது பணியில் இருந்தால், அடுத்த விடுப்பில் வரும்போது அவனுடைய பழைய காகிதங்களை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். வாரிசு நியமனத்தில் யார் பெயர் இருக்கிறது, கல்யாணம் ஆன பிறகு மாற்றினானா, வங்கிக் கணக்கு கூட்டாக இருக்கிறதா என்று கேளுங்கள். அபசகுனம் என்று வாயை அடைக்க வேண்டாம். பிள்ளையை இழந்து நிற்கும் வீட்டார் யாராவது உங்கள் தெருவில் இருந்தால், சொல்ல வேண்டியது ஒன்றுதான்: கால்வாய்க் கரையில் ஓடிப் போய்ச் சேர்ந்தானே, அந்தச் சமயத்தில் நெஞ்சளவு எடுத்து, தகுதி என்று மருத்துவர் கையெழுத்துப் போட்ட தாளின் நகலை ஆவண அலுவலகத்தில் கேட்டு வாங்கி வையுங்கள் அம்மா.